டிக்கெட் கையில் இருந்தும் பாட்டுக் கேட்காமல் திரும்பியவள் எழுதுவது

எனக்கு ஊர் பாம்பன். மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மாதச் சம்பளம் 16,500. சம்பளத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024இல் ஒரே ஒரு கச்சேரிக்காக நான் தொலைத்தது 13,526 ரூபாய். அதில் ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டுகூட நான் கேட்கவில்லை. ஒரு வருடமாக வீட்டைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது மறுபடி சீசன் வருகிறது, தங்கச்சிமடத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பிள்ளைகள் "அக்கா, சென்னைக் கச்சேரிக்கு டிக்கெட் போடலாமா" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் புலம்புவதற்கு மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்து குளித்துவிட்டு டேப்பில் அவர் போடும் பாட்டுகளைக் கேட்டுத்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்தவரே சென்னைக்கு வெளியே ஒரு திறந்த மைதானத்தில் வாசிக்கிறார் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. மலிவான பகுதி டிக்கெட் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது, அதற்கு அடுத்தது 2,000 ரூபாய். எனக்கும் தம்பிக்கும் இரண்டு, 4,000 என்று நினைத்துக்கொண்டு போனவள் கடைசிப் பக்கத்தில் 4,436 கட்டினேன். 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று ஒன்று, அதன் மேல் வரி. 500 ரூபாய்க்கு மேல் போகும் கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சில இடத்தில் அது விலைக்குள்ளேயே இருக்கும், சில இடத்தில் கடைசியில்தான் ஏறும். ஆக, போஸ்டரில் இருக்கும் விலையை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள், பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று, நான் செய்த முதல் தவறு, தம்பியைக் கேட்காமல் அவனுக்கும் சேர்த்துப் போட்டது. அவன் மதுரையில் படிக்கிறான். அந்த வாரம் அவனுக்குத் தேர்வு இருந்தது.

அப்புறம் ரயில். நம் கரைக்காரர்களுக்குக் கச்சேரி டிக்கெட்டைவிட இதுதான் பெரிய விஷயம். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை, 2022 டிசம்பரோடு பழைய பாலத்தை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதிதான் திறந்தது. நடுவில் இரண்டே கால் வருடத்துக்கு மேல் நாங்கள் பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் ரயில் ஏறினோம். இப்போது வீட்டுப் பக்கத்திலேயே ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஒரு சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. சென்னையிலிருந்து நம் ஊருக்கு வரும் சேது, போட் மெயில், இப்போது தாம்பரத்திலிருந்து கிளம்பும் புது வண்டி, எல்லாமே சாயங்காலம் புறப்படுபவை. கச்சேரி ஆரம்பிக்கும் நேரத்தில் நம் ரயில் செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருக்கும். ராத்திரி பத்துக்கு மேல் கச்சேரி முடிந்து, எங்கேயோ ஒரு மைதானத்திலிருந்து வண்டி பிடித்துக் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறுவது என்பதெல்லாம் கூட்டமாகப் போகிற ஆண்பிள்ளைகளுக்குச் சரி. தனியாகப் போனால் ஒரு ராத்திரி அறை வாடகை, மறுநாள் முழுக்கச் சாப்பாடு, இரண்டு நாள் லீவு என்று சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுங்கள். நான் விட்டுவிட்டேன், கடைசியில் தட்கல். தட்கலில் இடம் உறுதியாகிவிட்டால் ரத்து செய்தாலும் பைசா திரும்பாது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலையில் எழும்பூரில் இறங்கி, 1,400 ரூபாய் அறையில் பையை வைத்துவிட்டு, இரண்டு மணிக்கே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். போகிற வழியிலேயே வானம் கறுத்துவிட்டது. வாசலில் பரிசோதனை செய்த பெண் என் குடையை வாங்கி ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டாள், குடை உள்ளே அனுமதி இல்லையாம், தண்ணீர் பாட்டிலும் இல்லை. அந்த டிரம்மில் ஏற்கெனவே நூறு குடை இருக்கும், எல்லாமே கறுப்பு. சரியாக நான் இந்தப் பக்கம் வந்ததும் மழை பிடித்தது. தலைக்கு மேல் ஒன்றுமில்லை, கீழே களிமண். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது, அதைக் குனிந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு பையன் போனைப் பார்த்து "தள்ளி வச்சுட்டாங்க" என்றான். மணி 4.40. மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை, இணையத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். உள்ளே வந்தவர்கள் அப்படியே திரும்பினோம். குடை டிரம்மைத் தேடினேன், டிரம்மையே காணோம். வரும்போது 250 ரூபாய் ஆட்டோ, திரும்பும்போது 650 கேட்டார். கொடுத்தேன். அறைக்கு வந்து ஈரச் சுடிதாரைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். தனியாக அழுவது பெரிதில்லை, பக்கத்தில் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.

இதில் மழைமேல் எனக்குக் கோபமில்லை. வாடைக் காற்று திரும்பும் மாதத்தில் படகை எப்படிக் கட்டுவது என்று தெரிந்த வீட்டில் பிறந்தவள், ஐப்பசியில் சென்னையில் கூரையில்லாத மைதானத்துக்கு 2,000 ரூபாய் கட்டியிருக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இது புதுச் செய்தியா? அந்த மூன்று மாதம் அரங்கத்துக்குள் நடக்கும் கச்சேரிக்கு மட்டும் போங்கள். மைதானக் கச்சேரி என்றால் தை, மாசியிலிருந்து. டிக்கெட் போடும் முன் அந்த நீளமான விதிமுறைப் பக்கத்தில் இரண்டே வரியைத் தேடுங்கள், தேதி மாறினால் பணம் திரும்புமா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும். நான் அதைப் படித்தது மூன்று வாரம் கழித்து.

எப்படி என்றால், புதுத் தேதி நவம்பர் 23 என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வர முடியாதவர்கள் 72 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் வந்து விழுந்தது விளம்பரங்கள் போய்ச் சேரும் 'புரமோஷன்ஸ்' பகுதியில், சேலைத் தள்ளுபடிக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவில். நான் பார்க்கும்போது 72 மணி நேரம் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. சரி, பரவாயில்லை, மறுபடி போவோம் என்றுதான் இருந்தேன். நவம்பர் 20ஆம் தேதி, புதன்கிழமை, நம் தீவில் என்ன கொட்டு கொட்டியது என்று உங்களுக்கே தெரியும். மேகம் வெடித்த மாதிரி. எங்கள் வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர் பாதி முங்கும் அளவு தண்ணீர். அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

சரி, டிக்கெட்டையாவது விற்றுவிடலாம் என்று ஒரு ரசிகர் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர். "அக்கா, அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார், பேரம் பேசி 3,990க்கு முடிந்தது. நம்பிக்கைக்காக டிக்கெட் பிடிஎஃப்பை முதலில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பிறகு போன் செய்து, பணம் ஏறவில்லை, ஒரு க்யூஆர் அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார். கரண்ட் இல்லை, போனில் 9 சதவீதம் சார்ஜ், அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், "சீக்கிரம் அக்கா, பின் போடுங்க அக்கா". போட்டேன். வர வேண்டிய 3,990 என் கணக்கிலிருந்து போனது. நான் யார்? தினமும் முப்பது நண்டு வியாபாரிகளுக்கு யுபிஐயில் பணம் போடுகிறவள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் பின் என்று கம்பெனிக்கு வரும் பாட்டிமாருக்குச் சொல்லிக்கொடுப்பவள். தெரிந்தவளுக்கே இதுதான் கதி என்றால், அந்த அவசரமும் அந்த 'அக்கா'வும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் அவரிடம், பணமும் அவரிடம். 23ஆம் தேதி அவர் ஜாலியாகப் பாட்டுக் கேட்டிருப்பார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இப்படி ஆனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான எண், நாடு முழுக்க ஒன்றுதான். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நான் வெட்கத்தில் இரண்டு நாள் கழித்துத்தான் பண்ணினேன், புகார் எண் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. டிக்கெட் விற்றவர்கள் பணம் தர மறுத்தால் அது வேறு, அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. எதுவானாலும் அறிவிப்பு, ரசீது, அவர்கள் மாற்றி எழுதிய தேதி, எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் பதிவுகளை அழித்துவிடுகிறார்கள். தெரியாதவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள், விற்கவும் வேண்டாம். க்யூஆர் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது இன்னும் மோசம், யார் முதலில் வாசலில் ஸ்கேன் செய்கிறாரோ அவர்தான் உள்ளே.

வீட்டில் சொல்லவே இல்லை. கணக்கெழுதும் புத்தி, செலவை எல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். டிக்கெட் 4,436, போக ரயில் தம்பிக்கும் சேர்த்து 770, திரும்ப 530, அறை 1,400, ஆட்டோ 900, சாப்பாடு 400, லீவில் பிடித்த சம்பளம் 1,100, கடைசியாக அந்த 3,990. குடையும் செருப்பும் சேர்க்கவில்லை. வெள்ளத்தில் நனைந்த நோட்டுகளைக் காய வைக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். அவள் கத்தினாள். அப்பா கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏத்தா, அந்தப் பாட்டு போன்லயே இருக்கேத்தா" என்று மட்டும் கேட்டார். போனில் இருப்பது வேறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அப்புறம் அவரே, தான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு திருவிழாக் கச்சேரி கேட்கத் தங்கச்சிமடம் வரை நடந்து போய், விடிகிற நேரம் திரும்பி வந்து தாத்தாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார்.

அந்த டிசம்பர்க் கடைசியில், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னை போன சாக்கில், மார்கழி சபாக்களுக்குள் முதல்முறை நுழைந்தேன். எனக்குக் கர்நாடக சங்கீதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது என்பது எனக்கு யாரும் சொல்லாத ரகசியம். மாலைக் கச்சேரிக்குத்தான் கட்டணம், மத்தியானம் பாடுவது வளரும் பிள்ளைகள், உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளுக்கும் அப்படியே. கூரை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சுத்தமான கழிவறை இருக்கிறது (பெண்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்), கேன்டீனில் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எந்த ஊர் என்றார், ராமநாதபுரம் பக்கம் என்றேன். "பூச்சி ஐயங்கார் ஊரா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராமநாதபுரம் ஸ்ரீனிவாச ஐயங்கார், சேதுபதி அரண்மனை ஆதரித்த வித்வான், இன்றைக்கு எல்லோரும் பாடும் கச்சேரி முறையை அமைத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு என்று அவர் சொல்லித்தான் தெரியும். பாட்டுக்கு ராம்நாடு கிருஷ்ணன், மிருதங்கத்துக்கு ராம்நாடு முருகபூபதி என்று அடுக்கினார். ஊர்ப் பெயரை இனிஷியல் மாதிரி சுமந்துகொண்டு இத்தனை பேர் போயிருக்கிறார்கள், நான் அந்த ஊரிலிருந்து குடையைத் தொலைக்கப் போயிருக்கிறேன்.

அதனால் வரப்போகும் மாதங்களுக்கு என் திட்டம் இப்படி. மார்கழியில் சென்னை, இரண்டு பகல், கையில் பெரிய டிக்கெட் எதுவும் இல்லாமல். சபாக்களின் நிகழ்ச்சி நிரல் சீசனுக்கு முன்பே வெளியாகிவிடும், அதைப் பார்த்துவிட்டு ரயில் போடுங்கள், முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்தது திருவையாறு தியாகராஜ ஆராதனை. புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று, பெரும்பாலும் ஜனவரியில் வரும், தேதி வருடா வருடம் மாறும். போட் மெயில் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது, நடுராத்திரி வாக்கில் இறக்கிவிடும், அதனால் யாராவது ஒருவரோடு போங்கள் அல்லது தங்க இடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். காலையில் நூற்றுக்கணக்கானவர்கள் காவிரிக் கரையில் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை ஐந்தையும் சேர்ந்து பாடுவதைக் கேட்கக் காசு கிடையாது. அந்த மேடையில் ஒரு காலத்தில் பெண்களைப் பாட விடவில்லை, பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் நின்று சண்டை போட்டதால் வந்த உரிமை அது, அதற்காகவே ஒரு முறை போக வேண்டும்.

சினிமாப் பாட்டு மைதானக் கச்சேரிதான் வேண்டும் என்றால் மதுரை வரை வருவதற்குக் காத்திருங்கள். இப்போதெல்லாம் வருகிறார்கள். ராத்திரியிலும் மதுரை - ராமேஸ்வரம் பஸ் உண்டு, பத்து மணிக்கு மேல் இடைவெளி கூடும், அவ்வளவுதான். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் போகிறவர்களுக்கு அது உதவாது, ராமநாதபுரத்தில் இறங்கியபின் விடியும்வரை நிற்க வேண்டி வரும். இந்த வருடம் மதுரையில் ஒன்றுக்குப் போனேன், கடைசிப் பகுதி, 150 மீட்டர் தள்ளி. திரையில் பாடகரின் வாய் மூடிய பிறகு எங்களுக்குச் சொல் வந்து சேர்ந்தது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடும், அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட அரை நொடி பிந்தும், கடைசிப் பகுதிக்குத் தனி ஸ்பீக்கர் வைத்து நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் இப்படித்தான். இடது ஓரம் போனதும் பிந்துவது மாறவில்லை, ஆனால் பாட்டு தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் காற்று அந்தப் பக்கம் அடித்தது. இது எனக்கு ஊரில் கற்றது. ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்குத் தெரு மைக் வடக்கே ஒரு கிலோமீட்டர் போகும், தெற்கே கடலோரத்தில் நின்றால் முனகல்தான். மேடையிலிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அங்கே போய் நில்லுங்கள், 2,000 ரூபாய் பகுதி தேவைப்படாது.

நம் கரையிலேயே நடப்பவை எந்தச் செயலியிலும் வராது. புரட்டாசியில் ராமநாதபுரம் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மன் நவராத்திரி, மாசியில் ராமேஸ்வரம் கோவிலின் சிவராத்திரி விழா, ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு (இது பிறைக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும்), அப்புறம் ஊர் ஊராக முளைப்பாரி, பொங்கல். அழைப்பிதழின் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கேதான் 'இரவு 7 மணிக்கு மாபெரும் இன்னிசை நிகழ்ச்சி' இருக்கும். ஏழு என்றால் எட்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள், பொன்னாடைகள் முடிய வேண்டும். ஆனால் ஒலிபெருக்கிக்குப் பத்து மணி வரைதான் சட்டம், விசேஷ அனுமதி வாங்கிய நாட்களில் பன்னிரண்டு. அதனால் நல்ல பாட்டெல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும், சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம் என்று இருந்தால் கடைசி மூன்று குத்துப்பாட்டுதான் மிஞ்சும். 'டிவி புகழ்' என்று போட்டு ஆறு முகம் அச்சடித்திருந்தால் இரண்டு பேர் வருவார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவர் யார் என்று விசாரியுங்கள், அந்தக் குழுவின் தரம் அதில் தெரிந்துவிடும்.

போன மாதம் அப்பாவோடு ஒரு கச்சேரிக்குப் போனேன். பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், அவருக்கு அது விசேஷம். அவருடைய டேப் பாட்டு ஒன்றைக் குழுவில் ஒரு பெண் பாடினாள், சரணத்தில் ஒரு வரியை மறந்துவிட்டாள், அப்பா கீழேயிருந்து சத்தமாக எடுத்துக் கொடுத்தார். திருவையாறுக்கு அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போடப் போகிறேன். தம்பிக்குப் போடவில்லை. வேண்டுமென்றால் அவனே போட்டுக்கொள்ளட்டும்.